என் பேரில் ஒரு துண்டு நிலம்

அப்பாவின் அடி தாங்காமல் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு திருவிடைமருதூரில் இருந்த மாமா வீட்டுக்கு வந்தபோது நான் நாலாம் வகுப்பு. எனக்கு ஜீவனாம்சம் கேட்டுக் கும்பகோணம் கோர்ட்டில் மனு போட்டாள். புருஷனும் பெண்டாட்டியும் குடியிருந்தது நாகப்பட்டினத்தில், வழக்கும் அங்கேதான் நடக்க வேண்டும் என்றார் அப்பாவின் வக்கீல். அங்கே போகவே எனக்குப் பயம். கூலி உயர்வு கேட்ட ஆட்களை மிரட்ட அப்பா வைத்திருந்த தடியர்கள் அந்த ஊர் பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்திருப்பார்கள். மனைவி இருக்கும் ஊரிலும் மனு போடலாம் என்று சொல்லி மாஜிஸ்ட்ரேட் எங்களைக் காப்பாற்றினார்.

அடுத்தது, எவ்வளவு கொடுப்பது என்ற கணக்கு. அப்பாவின் வருமானம் என்ன, என் செலவு என்ன, இரண்டையும் வைத்துத்தான் தொகை முடிவாகுமாம். அப்பாவுக்கு வருமானமே இல்லையாம். ஒருவருக்கு இத்தனை ஏக்கர்தான் என்ற நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து பல மிராசுதாரர்கள் செய்ததைத்தான் அவரும் செய்திருந்தார். நிலத்தை உறவுக்காரர்கள் பேரிலெல்லாம் எழுதிவிட்டு, விளைச்சலைத் தானே எடுத்துக்கொண்டார். அதில் ஒரு துண்டு என் பேரில். கிழிந்த பாவாடையோடு பள்ளிக்கூடம் போய்வந்த நானும் நிலக்காரிதான். சொந்த நிலம் உள்ள பிள்ளைக்கு ஜீவனாம்சம் எதற்கு என்று கேட்டார் வக்கீல்.

அந்த நிலத்து நெல் யார் வீட்டுக்குப் போகிறது என்று மாஜிஸ்ட்ரேட் திருப்பிக் கேட்டார். வக்கீல் காகிதக் கட்டைப் புரட்ட ஆரம்பித்தார். அந்த நெல்லையும் அப்பாவின் வருமானத்தில் சேர்க்கப்போவதாகச் சொல்லி மாஜிஸ்ட்ரேட் அடுத்த வாய்தா கொடுத்தார். மாமாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

வெளியே வராந்தாவில் அப்பா எங்களை மறித்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"நெலம் அவளோடதுன்னா அவளும் அங்கதான் இருக்கணும். அவளுக்கு நான்தான் கார்டியன்னு மனுவ நெலம் இருக்கிற ஊர்லயே போடலாமாம். நாகப்பட்டினத்துக்கு வா, பாத்துக்கலாம்."

அம்மா என்னை இழுத்துக்கொண்டு வேகமாகப் படியிறங்கினாள். அதன் பிறகு வாசலில் சைக்கிள் மணி கேட்டாலே நான் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்வேன். அதெல்லாம் வெறும் மிரட்டல், பிள்ளையை அவ்வளவு சுலபமாகப் பிடுங்க முடியாது என்று மாமா அடித்துச் சொன்னார். அம்மா நம்பவில்லை. நானும்தான்.

வாய்தா அன்று அம்மா கூண்டில் ஏறிக் கைகூப்பினாள்.

"அந்த நெல்லக் கணக்குல சேக்க வேணாங்கய்யா. இவ எங்கிட்ட இருந்தாப் போதும்."

தொகை பாதியாகிவிடும், யோசித்துச் சொல்லுங்கள் என்றார் மாஜிஸ்ட்ரேட். யோசித்துவிட்டேன் என்றாள். அதற்குப் பதிலாக, பிள்ளை தாயிடமே இருக்கலாம் என்று அப்பாவிடம் எழுதி வாங்க ஏற்பாடாயிற்று.

அவ்வளவு லேசில் விடமாட்டார், என்னைக் கேட்டுச் சண்டை போடுவார் என்று அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா வக்கீலின் பேனாவை வாங்கி உடனே கையெழுத்துப் போட்டார். ஊரில் அறுப்பு நடக்கிறது, பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று கிளம்பினார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அன்றோடு என் பயம் போய்விட்டது. ஆனால் வீடு வந்து சேரும்வரை அழுதுகொண்டே வந்தேன்.