லேசான ஆக்சிடேஷன்

பீன்யா தொழிற்பேட்டையில் இரும்புச் சாமான்களுக்கு முலாம் பூசும் கம்பெனி ஒன்றில், 'துரு' என்ற சொல்லை ஒழித்துக்கட்டிய பெருமை ஈஜிபுரா கில்பர்ட்டைச் சேரும். துரு அதுபாட்டுக்கு இருந்தது.

வெளிநாட்டு வாடிக்கையாளர், 'நீங்கள் அனுப்பிய போல்ட் பூராவும் துரு' என்று கொதித்து எழுதுவார். 'மேற்பரப்பில் லேசான ஆக்சிடேஷன்' என்று கில்பர்ட் பதில் போடுவார். கறுத்திருந்தால் டார்னிஷ். குழி விழுந்திருந்தால் பிட்டிங். கொரோஷன் என்று மட்டும் எழுதமாட்டார்; அது வக்கீலையும் கூட்டிக்கொண்டு வருகிற சொல். இந்தத் திறமைக்காகவே டைம் ஆபீஸில் ஆஜர் குறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரை முதலாளி மாடிக்கு ஏற்றினார்.

வீட்டிலும் அதே பாஷைதான்.

"வாசல் கேட்டு துருப்புடிச்சுத் தொங்குது, ஆளைக் கூப்பிடுங்க" என்பார் மனைவி மௌரீன்.

"லேசான ஆக்சிடேஷன்தான், மௌரீன்."

"அந்த ஆக்சிடேஷன்லதான் உங்க ஈஸ்டர் சட்டை கிழிஞ்சுது."

கில்பர்ட்டின் இங்கிலீஷுக்கு உலகத்தில் ஒரே ஒரு ரசிகர் இருந்தார். கோவிந்தப்பா, அதே ஈஜிபுராக்காரர், அமிலத் தொட்டியில் வேலை. "நாங்க பேசினா சத்தம்ணா, நீங்க பேசினாத்தான் மேல இருக்கறவங்க காதுல ஏறுது" என்பார் பஸ்ஸில், நாலு பேர் கேட்கும்படி.

ஒருநாள் பாதுகாப்புக் கூட்டம் நடந்தது. புது மேனேஜர் நிருபமா ஒடிசாவிலிருந்து வந்தவர்; தமிழும் தெரியாது, கன்னடமும் தெரியாது. கோவிந்தப்பா எழுந்து கில்பர்ட்டைப் பார்த்துச் சொன்னார்:

"தொட்டி மேல நடக்கற இரும்புப் பலகையை துரு தின்னு சல்லடை ஆக்கிடுச்சுண்ணா. கால வெச்சா அமுங்குது. யாராச்சும் ஒருத்தர் உள்ள போயிடுவோம். மேடத்துக்குப் புரியறாப்ல சொல்லுங்க."

கில்பர்ட் தொண்டையைச் செருமிக்கொண்டார். மனதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. புதிதாக வந்த அம்மாள் முகம் சுளிக்கவேண்டாமே என்று நினைத்தார். அதற்குள் நாக்கு பழகிய தடத்தில் ஓடிவிட்டது. நடைபாதையில் மேற்பரப்பு ஆக்சிடேஷன் லேசாகத் தென்படுவதாகத் தொழிலாளி கருதுகிறார் என்று நல்ல இங்கிலீஷில் சொன்னார். நிருபமா புன்னகையோடு தலையசைத்தார். டீ வந்தது.

"நான் சொன்னதைவிட நீளமா இருந்துச்சேண்ணா" என்றார் கோவிந்தப்பா, முகமெல்லாம் மலர்ந்து.

மழைக்காலம் முடிவதற்குள் பலகை விட்டுப்போனது. ஆஸ்பத்திரியில் சில நாள் கிடந்து கோவிந்தப்பா செத்துப்போனார். கம்பெனியின் இரங்கல் செய்தி மிக அழகாக இருந்தது. யார் எழுதியிருப்பார் என்று சொல்லவேண்டியதில்லை.

கோவிந்தப்பாவின் மனைவி சந்திரம்மா ஒரு காலையில் கில்பர்ட் வீட்டுப் படியேறி வந்தாள்.

"கவனமில்லாம கால வெச்சுட்டாருன்றாங்கண்ணா. பலகை சரியில்லைன்னு அவரு வாயே திறக்கலையாம். உங்கள வெச்சுத்தானே சொன்னாரு? விசாரணையில அதை மட்டும் சொல்லுங்க. கவனங்கெட்ட மனுசன்ற பேரோட அவரு போகக்கூடாது."

"சொல்றேம்மா" என்றார் கில்பர்ட். மௌரீன் வைத்த காபி ஆறிக்கொண்டிருந்தது.

விசாரணை கம்பெனி மாடியிலேயே நடந்தது. சந்திரம்மா தன் பக்கத்து நாற்காலியில் பையை வைத்துக் கில்பர்ட்டுக்கு இடம் பிடித்திருந்தாள். நிருபமா முதலில் பேசினார். லேசான ஆக்சிடேஷன் என்றுதான் தன்னிடம் சொன்னார்கள் என்றார். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

விசாரணை அதிகாரி மஞ்சுநாத் கில்பர்ட் பக்கம் திரும்பி, கோவிந்தப்பா உண்மையில் சொன்னது என்ன என்று கன்னடத்தில் கேட்டார்.

கில்பர்ட்டிடம் அதற்கு எத்தனையோ சொற்கள் இருந்தன.

"துக்கு, சார்" என்றார், கன்னடத்தில் துருவுக்கு உள்ள சொல்லில். பிறகு தமிழுக்கு வந்துவிட்டார். "துரு தின்னு சல்லடை ஆயிடுச்சுன்னாரு. ஒருத்தர் உள்ள போயிடுவோம்னாரு. லேசுன்னு சொன்னது நான்."

மஞ்சுநாத் எழுதிக்கொண்டார். கோவிந்தப்பா பேர் அந்த நிமிஷமே சுத்தமாகிவிட்டது. சந்திரம்மா நாற்காலியிலிருந்த பையை மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நாற்காலி காலியாகவே இருந்தது.

பஸ் ஸ்டாப்பில் அவள் திட்டுவாள் என்று கில்பர்ட் காத்திருந்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"மீட்டிங் நடந்த அன்னிக்கு சாயங்காலம் வீட்டுக்கு வந்து, இனிமே பயமில்ல, கில்பர்ட் அண்ணன் இங்கிலீசுல எடுத்து வெச்சிட்டாருன்னாரு" என்றாள் சந்திரம்மா, ரோட்டைப் பார்த்தபடி. "நீங்க எப்படி எழுந்து நின்னு பேசினீங்கன்னு பிள்ளைங்களுக்குப் பேசிக் காட்டினாரு. தொண்டையைச் செருமிக்கிறது முதக்கொண்டு. எங்களுக்கு ஒண்ணும் புரியல, சிரிச்சுக்கிட்டே இருந்தோம். அவரு பேசிக் காட்டினது அந்த லேசுதானாண்ணா?"

கில்பர்ட் தலையாட்டினார்.

பஸ் வந்தது. அவள் ஏறிக்கொண்டாள். அவரும் அதே பஸ்ஸில்தான் போகவேண்டும், ஏறவில்லை.