வெயில் படாத துணி

ஜானி பாஷா புதுச் சட்டை தைக்கமாட்டார். அவருக்குத் தைக்கத் தெரியாது என்று சொல்பவர்களும் உண்டு. அவர் அதை மறுத்ததில்லை. திருவண்ணாமலைத் தேரடி வீதியில், ஒரு பாத்திரக் கடையின் மாடிப்படிக்கு அடியில் இருந்தது அவர் கடை. உள்ளே உட்காரலாம், எழுந்து நிற்க முடியாது. அதனால் அளவெடுக்க வேண்டுமென்றால் ஆளை வீதியில் நிறுத்தி, தானும் இறங்கி வந்து டேப்பைச் சுற்றி, மார்பு இவ்வளவு, இடுப்பு இவ்வளவு என்று உரக்கச் சொல்வார். சொன்னால்தான் அவருக்கு ஞாபகம் நிற்கும். ஊரில் பாதிப் பேருடைய சுற்றளவு மீதிப் பாதிப் பேருக்குத் தெரிந்துபோனது இப்படித்தான்.

அவர் வேலை, ஏற்கெனவே இருக்கிற சட்டையை ஆளுக்குப் பொருத்துவது. பௌர்ணமிக் கூட்டத்தை நம்பி நடைபாதையில் குவித்துப் போட்டு விற்கிறார்களே, அந்தச் சட்டைகள் எல்லாம் ஒரே அளவு. யாருக்கும் சேராத அளவு. அதை வாங்கிக்கொண்டு நேராக இவரிடம் வருவார்கள். அண்ணன் சட்டையைத் தம்பிக்குக் குறைப்பார். மாமனார் தன் உடம்பை நினைத்து எடுத்துக் கொடுத்ததை மருமகனின் உடம்புக்குக் கொண்டுவருவார். காலர் நைந்து போனால் பிரித்தெடுத்து, மறுபக்கம் திருப்பி வைத்துத் தைத்துக் கொடுப்பார். அந்தச் சட்டை இன்னும் இரண்டு தீபாவளி பார்க்கும்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எவ்வளவு பெரிய சட்டையைப் பிடித்துக் குறைத்தாலும் மிஞ்சிய துணியை வெட்டமாட்டார். உள்பக்கமாக மடித்துத் தைத்துவிடுவார். இதற்குக் காரணம் அரசாங்கம்.

எண்பத்தொன்பதில் இந்த ஊர் தனி மாவட்டமாகி, வேலூரிலிருந்தும் வேறெங்கிருந்தெல்லாமோ குமாஸ்தாக்கள் வந்து இறங்கினார்கள். வந்தவர்கள் எல்லோரும் ஒல்லி. ஜானி பாஷா அவர்களுடைய சட்டைகளைக் கச்சிதமாகப் பிடித்து, மிச்சத்தைக் கத்தரித்துக் குப்பையில் போட்டார். ஒரு வருடத்தில் அரசாங்கம் அவர்களுக்கு நாற்காலி கொடுத்தது, ஊர் டிபன் கொடுத்தது. ஒருவர் பின் ஒருவராகத் திரும்பி வந்து, "கொஞ்சம் லூஸ் விடுங்க பாய்" என்றார்கள். "துணி இல்ல சார்" என்று சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் வலித்தது. ஒரு தலைமைக் குமாஸ்தா வீதியில் நின்று கேட்ட கேள்வியை மனைவி ஜஹானாராவிடம்கூட அவர் சொன்னதில்லை. அன்றைக்கு எடுத்துவைத்த கத்தரிக்கோல் அதன்பிறகு நூல் வெட்ட மட்டும்தான் வெளியே வந்தது.

இன்னொன்று, அவருடைய கர்வம். தன் கையால் போன சட்டை எவன் உடம்பிலும் தொளதொளவென்று தொங்கக் கூடாது. முகத்தை மறந்துவிடுவார், தோளை மறக்கமாட்டார். எதிர்ச் சாரியில் ஒரு சட்டை நடந்து போனால், யார் போகிறார் என்று பார்க்காமல் எப்படிப் போகிறது என்றுதான் பார்ப்பார்.

பே கோபுரத் தெருப் பக்கம் ஒரு லாட்ஜில் தருமன் மேனேஜர். மேனேஜர் என்றால், சாவி கொடுப்பார், வெந்நீர் வராவிட்டால் திட்டு வாங்குவார். லாட்ஜிலேயே தங்கிக்கொண்டு, செவ்வாய்க்கிழமை சாயங்கால பஸ்ஸில் கீழ்பென்னாத்தூருக்குப் போய் மறுநாள் திரும்பிவிடுவார். அங்கே மனைவி வெள்ளையம்மாள் மல்லாட்டை என்று அந்தப் பக்கம் சொல்கிற வேர்க்கடலை போட்ட கொஞ்சம் நிலத்தையும் கல்யாண வயதுப் பெண் எழிலையும் பார்த்துக்கொண்டிருந்தாள். தருமனுக்கு மூன்று சட்டைகள்: நீலம் ஒன்று, சந்தனம் ஒன்று, கட்டம் போட்டது ஒன்று. மூன்றும் ஜானி பாஷாவின் கைபட்டவை.

தொண்ணூற்றாறில் தீபம் முடிந்த கையோடு தருமன் வந்து நின்றார். "லேசா பிடிக்கணும் பாய். தினமும் கிரிவலம் போறேன். உடம்பு இறங்குது."

ஜானி பாஷாவுக்குச் சந்தோஷம். ஊருக்கு வந்தவர்களெல்லாம் பெருத்துப்போகிற இடத்தில் ஒருவராவது இளைக்கிறாரே. புதுக்கருக்கு கலையாத மூன்று சட்டையையும் பிடித்துக் கொடுத்தார். பொங்கல் கழிந்ததும் தருமன் மறுபடி வந்தார். மறுபடி பிடித்துக் கொடுத்தார். சட்டை மேலுக்கு அவ்வளவு பாந்தமாக இருந்தது. "வயசு கொறஞ்ச மாதிரி இருக்கீங்க" என்று பாத்திரக் கடைக்காரர் சொன்னார். தருமன் இருமிக்கொண்டே சிரித்தார்.

பட்டன் தைப்பது ஜஹானாராவின் வேலை. துணிகள் சாயங்காலம் பையில் வீட்டுக்குப் போகும், காலையில் பட்டனோடு திரும்பும். மாசியில் மூன்றாம் முறையாகத் தருமனின் நீலச் சட்டை வந்தபோது, அவள் பக்கத் தையலை விரலால் நெருடிப் பார்த்தாள்.

"இன்னாங்க, இந்த சட்டை சுருங்குதா, இல்ல அந்த ஆளே சுருங்கறாரா?"

"கிரிவலம் போறாராம்."

"நாமளும் இந்த ஊர்லதான் இருக்கறோம். மலைய சுத்தி சுத்தி காணாம போனவங்க யாரையும் நான் பார்க்கல."

இது ஜானி பாஷாவைக் குடைந்தது. சட்டை வாங்க வந்த தருமனைப் படியில் உட்காரவைத்து நேராகவே கேட்டார். தருமன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, சுருக்கமாகச் சொன்னார். இருமல் விடவில்லை. சாயங்காலமானால் காய்ச்சல். சாப்பிடப் பிடிக்கவில்லை. டாக்டரிடம் போகவில்லை.

"ஏன் சார் போகல?"

"போனா இன்னான்னு சொல்லுவாங்கன்னு தெரியும் பாய். எழிலுக்கு போளூர்ல எடம் முடிவாயிருக்குது. ஆவணில கல்யாணம். அப்பனுக்கு நெஞ்சுல சீக்குன்னு காதுல பட்டா அவங்க வருவாங்களா? கல்யாணம் முடியட்டும். அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு போறேன்."

"வீட்டம்மாக்கு தெரியுமா?"

"வாரத்துக்கு ஒரு ராத்திரிதான போறேன். சட்டைய போட்டுக்கினே படுத்துக்கறேன். கொசுன்றேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு வாக்கு குடுங்க பாய்."

ஜானி பாஷா கொடுத்துவிட்டார். பெண்ணைப் பெற்றவர் கேட்கும்போது வேறென்ன செய்வது? அன்று ராத்திரியே ஜஹானாரா கேட்டுக் கேட்டு விஷயத்தைக் கறந்துவிட்டாள்; வீட்டுக்குள் சொன்னது கணக்கில் சேராது என்று அவர் வைத்துக்கொண்டார்.

சித்திரையில் தருமன் நான்காம் முறை வந்தார். கட்டம் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, நீலத்தையும் சந்தனத்தையும் கையில் கொண்டுவந்திருந்தார். ஜானி பாஷா வீதியில் இறங்கி டேப்பைச் சுற்றினார். எண்ணைப் பார்த்தார். அன்றைக்கு அவர் அதை உரக்கச் சொல்லவில்லை. "செவ்வாக்கெழமை வாங்கிக்கங்க" என்று மட்டும் சொல்லி உள்ளே நுழைந்தார். அவசரத்தில் தலையைப் படியில் இடித்துக்கொண்டார்.

வீட்டில் ஜஹானாரா சட்டையைக் கையில் எடுக்கவே மாட்டேன் என்றாள். அவளுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும்.

"நீங்க நல்லா தைக்கறதாலதான் அந்தம்மாக்கு ஒண்ணும் தெரியல. இதைவிட மோசமா தைக்கறவன்கிட்ட போயிருந்தா இந்நேரம் ஆஸ்பத்திரில படுத்து மாத்திரை முழுங்கினு இருப்பாரு."

"வாக்கு குடுத்துட்டேனே."

"சொல்லமாட்டேன்னுதான குடுத்தீங்க. சொல்லாதீங்க. நல்லா தைக்கறேன்னு குடுத்தீங்களா?"

ஜானி பாஷா சட்டைகளைத் திரும்பப் பையில் போட்டார். மறுநாள் கடையில் உட்கார்ந்து, இரண்டு சட்டையின் பக்கத் தையலையும் பிரிக்க ஆரம்பித்தார். சித்திரையில் பிடிக்கச் சொன்னதைப் பிடிக்காதது மட்டுமில்லை, மாசியில் பிடித்ததையும் பொங்கலுக்குப் பிடித்ததையும் தீபத்துக்குப் பிடித்ததையும் சேர்த்துப் பிரித்து, சட்டை முதலில் எப்படி இருந்ததோ அந்த அளவுக்கே விட்டுத் தைத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக, தொங்கப்போகிறது என்று தெரிந்தே ஒரு சட்டையைத் தைத்தார். அவருக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, தருமன் செத்துப்போவாரோ என்று பயமாக இருந்தது. இஸ்திரி போட்டு, பேப்பரில் சுற்றி, நூலை ஒன்றுக்கு இரண்டாகக் கட்டி வைத்தார். செவ்வாய்க்கிழமை தருமன் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பிரித்துப் பார்க்காமலே வாங்கிக்கொண்டு ஓடினார். ஓடினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார்.

புதன்கிழமை காலை, கடை திறந்து பெட்ரோமாக்ஸ் கடைக்காரரின் பேண்ட்டுக்கு ஜிப் வைத்துக்கொண்டிருந்தபோது, வெள்ளையம்மாள் வந்து சேர்ந்தாள். ஒரு கையில் லாட்ஜ் முதலாளிக்கென்று கொண்டுவந்த மல்லாட்டைப் பை, இன்னொரு கையில் சந்தனச் சட்டை. பின்னால், நீலச் சட்டைக்குள் தருமன். அந்தச் சட்டைக்குள் இன்னொருவரையும் வைத்துப் பட்டன் போட்டிருக்கலாம்.

"நீங்கதான் அந்த பாயா?" என்றாள் வெள்ளையம்மாள். "நல்லா தைப்பீங்கன்னு இவரு வாய் ஓயாம சொல்லுவாரு. இது இன்னா வேலைங்க? இருந்த துணி பத்தாதுன்னு வேற துணி வெச்சு ஒட்டு போட்டு விட்டிருக்கீங்க. சாக்கு மாதிரி தொங்குது. சம்பந்தி வீட்டு ஆளுங்க பார்த்தா இன்னா நினைப்பாங்க?"

அவள் சந்தனச் சட்டையை விரித்துக் காட்டினாள். சட்டை மொத்தமும் வெளுத்துப் போயிருந்தது. அக்குளிலிருந்து கீழ்வரைக்கும் இரண்டு பக்கமும் ஒரு பட்டை மட்டும் கடையில் வாங்கிய நாள் போல நிறம் மாறாமல் பளிச்சென்றிருந்தது.

தருமன் தையற்காரரைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினார்.

"வேற துணி வெக்கலம்மா," என்றார் ஜானி பாஷா. "அதே துணிதான். உள்ள மடிஞ்சு இருந்ததால வெயில் படல."

"அவ்ளோ துணி ஏன் உள்ள இருந்தது?"

வாக்கு கொடுத்திருந்தார். ஜிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளையம்மாள் சட்டையை வெளிச்சத்தில் பிடித்தாள். அது ஒரே பட்டை இல்லை. நன்றாகப் பார்த்தால் பட்டைக்குள் பட்டை இருந்தது. தையலை ஒட்டி இருந்தது பளிச்சென்று புதுசு. அதற்கு அடுத்தது ஒரு பங்கு மங்கல். அதற்கும் அடுத்தது இன்னும் மங்கல். அவள் முதல் பட்டையில் விரல் வைத்தாள்.

"இது எப்ப பிடிச்சது?"

சட்டையைப் பற்றிக் கேட்டால் சொல்லலாம் என்று அவருக்குத் தோன்றியது. "தீபம் முடிஞ்சு."

"இது?"

"பொங்கல் கழிச்சு."

"இது?"

"மாசில."

அவள் விரல் அங்கேயே நின்றது. பாத்திரக் கடையில் யாரோ குடத்தைத் தட்டிப் பார்த்தார்கள். அதுவரைக்கும் புருஷனை ஊருக்கு எதிரில் மரியாதை குறையாமல் நடத்திக்கொண்டிருந்த வெள்ளையம்மாள் திரும்பி, "சட்டைய கழட்டுய்யா" என்றாள்.

"வீதில இன்னா இது..."

"கழட்டுய்யா."

தருமன் கழற்றினார். பனியனையும் தூக்கச் சொன்னாள். தூக்கினார். அவள் கொஞ்சநேரம் பார்த்தாள். அவளே அவருக்குச் சட்டையை மாட்டிவிட்டு, குழந்தைக்குப் போடுவதுபோல ஒவ்வொரு பட்டனாகப் போட்டாள். ஒன்றை மாற்றிப் போட்டாள்.

"பிடிச்சு தரட்டுமாம்மா?" என்றார் ஜானி பாஷா.

"வேணாம். இப்பிடியே போடட்டும். இது ரொம்பற வரைக்கும் போடட்டும்."

போகும்போது தருமன் திரும்பி, "வாக்கு குடுத்தியே பாய்" என்றார். இருவரும் நேராகப் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். மல்லாட்டைப் பையை விட்டுவிட்டுப் போனார்கள். ஜானி பாஷா இரண்டு நாள் அதைத் தொடாமல் காவல் காத்தார். மூன்றாம் நாள், வீணாகிவிடும் என்று ஜஹானாரா எடுத்து வேகவைத்துவிட்டாள்.

போளூருக்கு விஷயத்தைக் கொண்டுபோனது வெள்ளையம்மாளேதான். ஒளித்துவைத்த சங்கதி ஒன்று போதும் என்று அவளுக்கு ஆகியிருந்தது. மாப்பிள்ளையின் அப்பா முழுதாகக் கேட்டார். "தாலி கட்ற நேரத்துல இருமினா நல்லா இருக்காது. கல்யாணத்த தை மாசத்துல வெச்சுக்கலாம்" என்றார். அவ்வளவுதான். எதற்காகத் தருமன் சாகத் துணிந்தாரோ, அது ஒரு டம்ளர் காபிக்குள் முடிந்துபோனது. லாட்ஜ் முதலாளி இரண்டு மாதம் வீட்டில் இருக்கச் சொன்னார். வெந்நீருக்குத் திட்டு வாங்க வேறு ஆள் அமையாததால் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்.

தருமன் மட்டும் கடைப் பக்கம் வரவில்லை. எதிர்ச் சாரியில், மலையைப் பார்த்தபடி போவார். ஜானி பாஷாவுக்கு அது சுருக்கென்று தைத்தது. ஆனாலும் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்ப்பார். வெளுத்த நீலமும் பளிச்சென்ற பட்டையும் காற்றில் படபடத்துக்கொண்டு போகும். ஆடியில் படபடப்பு கம்மியானது. புரட்டாசியில் தோள் உட்கார்ந்தது. கார்த்திகை மழையில் ஒருநாள் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. உள்ளே முதுகு இருந்தது. அன்று அவர் சீக்கிரமே கடையைச் சாத்திவிட்டு, வழியில் அல்வா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். என்ன விசேஷம் என்று ஜஹானாரா கேட்கவில்லை.

தை பிறந்து, ஒரு காலையில் தருமன் வீதியைக் கடந்து இந்தப் பக்கம் வந்தார். கல்யாணப் பத்திரிகையை நீட்டினார். பிறகு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, நீலச் சட்டையையும் நீட்டினார்.

"பிடிக்கணுமா சார்?"

"இல்ல பாய். லூஸ் விடணும். பட்டன் போட்டா மூச்சு முட்டுது. வீட்ல அந்தம்மா முட்டையா வேகவெச்சு போடுது."

ஜானி பாஷா சட்டையை உள்பக்கம் திருப்பினார். இடது பக்கத் தையலைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழ்வரை தடவினார். வலது பக்கத்தையும் தடவினார். பிறகு வீதியில் இறங்கி வந்து, தருமனின் மார்பில் டேப்பைச் சுற்றி, பாத்திரக் கடைக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்கு உரக்க, "நாப்பது" என்றார். கண் கலங்கியிருந்ததால் டேப்பை இன்னொரு தடவை பார்த்தார். நாற்பதுதான்.

"துணி இல்ல சார்" என்றார்.