கையெழுத்துக் கட்டம் காலி

நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை மோட்டாரில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார் லிப்ட்காரர். "பேசாதீங்க சார், பேரிங் பேசுது" என்கிறார். மொட்டைமாடி மோட்டார் அறையின் சாவி குடியிருப்புச் செயலாளரான என்னிடம் இருப்பதால், மாதம் ஒருமுறை நடக்கும் இந்தக் கச்சேரிக்கு நான் ஒருவன்தான் ரசிகன்.

ஆறடி உயரம், அதற்குப் பொருந்தாத மெல்லிய குரல். காதில் செருகிய பென்சில் குளிக்கும்போதாவது கீழே இறங்குமா என்பது சந்தேகம். லிப்டைப் பார்க்க வரும் மனிதர் ஆறு மாடியையும் படியேறித்தான் வருவார். மாடிக்கு மாடி நின்று கதவில் காதை வைப்பார். கொஞ்ச நாளாக நிற்கும் நேரம் கூடிவிட்டது. "கதவைக் கேக்கறீங்களா, மூச்சு வாங்கறீங்களா?" என்றால், "ரெண்டும்தான்" என்று சிரிப்பார்.

யாராவது "லிப்ட் குலுங்குதுங்க" என்று புகார் சொல்லி, அவர் வந்து நின்றதும் அது சாதுவாக ஓடினால் போச்சு. "லிப்டுக்கு ஒண்ணுமில்ல, உங்களுக்குத்தான் பிரமை" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். மூன்றாம் மாடி அம்மாளை அப்படி ஒருமுறை அழவே வைத்துவிட்டார். அப்புறம் மனசு கேட்காமல் அவரே ஓர் அட்டையைக் கொடுப்பார். தேதி, நேரம், என்ன நடந்தது, கூட இருந்து பார்த்தவர் கையெழுத்து என்று நான்கு கட்டங்கள். "கையெழுத்து இல்லாத புகாரை நான் எடுத்துக்கறதில்ல சார். ரெண்டு பேர் பார்த்தாத்தான் பழுது. ஒருத்தர் மட்டும் பார்த்தா அது பயம்."

போன மாதம் அவர் எண்ணெய்த் துணியை உருவும்போது பையிலிருந்து அப்படி ஓர் அட்டை விழுந்தது. எந்தக் கட்டடத்து லிப்டோ என்று எடுத்துப் படித்தேன். "செவ்வாய், சாயங்காலம் 6.10. பூட்டைத் திறக்கும்போது. நெஞ்சு நாலு தடவை குதிச்சு, ஒரு தடவை நின்னு, அப்புறம் வேகமா ஓடிச்சு. கை நடுக்கம். இருபது நிமிஷம்." இப்படிப் பதினேழு வரிகள். கையெழுத்துக் கட்டம் பதினேழும் காலி.

"என்னங்க இது! டாக்டரைப் பார்த்தீங்களா இல்லையா?" என்று கத்தியே விட்டேன்.

"மூணு தடவை போனேன் சார். டோக்கன் வாங்கிட்டு உட்கார்ந்தா, பக்கத்துல நாலு பேர் இருக்காங்கல்ல, அந்தக் குதிப்பு தானா அடங்கிடுது. நல்லா ஓடுற வண்டியை அவர்கிட்ட கொண்டுபோய் என்னன்னு காட்டறது? பிரமைன்னுட்டா?" சட்டைப்பையில் பதினோராம் எண் டோக்கன் கசங்கிக் கிடந்தது. திருப்பிக் கொடுக்காமலே எழுந்து வந்திருக்கிறார்.

மனைவி போய் இரண்டு வருஷம். புகார் போன் வந்தால் எடுத்து எழுதி வைத்தது அந்த அம்மாள்தான். மகள் கடல் தாண்டி இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு "எப்படிப்பா இருக்கே?" என்பாள். "எனக்கென்னம்மா, நல்லா ஓடுது" என்பார். பேசி முடித்தபிறகும் போனைக் கீழே வைக்க மனசு வராதாம். மற்ற நாளெல்லாம் பூட்டைத் திறந்தால் உள்ளே ஒரு சத்தம் கிடையாது. பகல் முழுக்க மோட்டாரைக் கேட்ட காது, வீட்டில் சொந்த நெஞ்சைத் தவிர வேறு எதைக் கேட்கும்? கேட்டால் பயம், பயந்தால் இன்னும் வேகம். பக்கத்து வீட்டில் டிவி போடும்வரை வாசற்படியிலேயே உட்கார்ந்துவிடுகிறாராம். இத்தனை வருஷமாகச் சாவியை நீட்டியதோடு சரி, வீட்டுக்குள் கூப்பிட்டு ஒருநாள் உட்காரச் சொன்னதில்லை நான். "நான் கூட வர்றேன், போகலாம்" என்றேன். "பார்க்கலாம் சார்" என்றார். அவர் பாஷையில் அதற்கு மாட்டேன் என்று அர்த்தம்.

இன்று மோட்டாரைக் கேட்டுக்கொண்டிருந்தவர் கையிலிருந்து ஸ்க்ரூடிரைவர் நழுவி விழுந்தது. சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வியர்வை.

"சார், வந்துடுச்சு. கையைக் கொடுங்க."

பதறிப்போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் வலது கையை இழுத்துத் தன் நெஞ்சில் வைத்து அழுத்திக்கொண்டார். சட்டைக்குள் துள்ளியது. ஒரு கணம் நின்றது, எனக்கே உயிர் போய்விட்டது. பிறகு திபுதிபுவென்று ஓடியது.

"தெரியுதா சார்?"

"நல்லாவே தெரியுது. எழுந்திருங்க, இப்பவே டாக்டர்கிட்ட போறோம்."

"பிரமை இல்லையே?"

"அட, இல்லவே இல்லங்க!"

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. பையைத் துழாவி அட்டையை எடுத்து என் முழங்கால்மேல் வைத்தார். காதிலிருந்த பென்சிலை உருவி, அடுத்த வரியில் தேதியையும் மணியையும் கோணலாகக் கிறுக்கினார். நெஞ்சின்மேல் இருந்த என் கையை மட்டும் விடவில்லை. கடைசிக் கட்டத்தை விரலால் தட்டிக் காட்டி, என் இடது கையில் பென்சிலைத் திணித்தார்.