சட்டை போட்ட லேப்டாப்

லேப்டாப் பழுதுபார்க்கும் அந்தக் கடைத்தெருவில் அவளுக்கு ‘வேடிக்கை அக்கா’ என்றுதான் பெயர். மற்ற கடைக்காரர்கள் மெஷினைக் கண்டதும் ஸ்க்ரூடிரைவரைத் தூக்குவார்கள். இவளோ, “நீங்க எப்பவும் போல வேலை பாருங்க” என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். தட்டச்சு செய்யும்போது ஒருவர் மணிக்கட்டை ஓர் ஓரத்தில் ஊன்றுவதைப் பார்த்தே, அங்கேதான் திருகு தளர்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்தவள். “வேடிக்கை பார்க்கவும் ஒரு கடையா?” என்று எதிர்க்கடைக்காரர் சிரிப்பார். சிரிக்கட்டுமே. அவர் கைவிட்ட கேஸ்களில் பாதி இவள் மேஜைக்குத்தான் வந்து சேரும்.

அப்படி வந்தவள்தான், மாமியாரோடு ஒரே வீட்டில் இருக்கும் அந்த மருமகள். வீட்டிலிருந்தபடியே வாடிக்கையாளர்களின் புகார்களைக் கேட்கும் வேலை. பேச்சு நடுவில் லேப்டாப் பட்டென்று அணைந்துவிடும். எதிர்முனையில் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருப்பவர், இவள் வேண்டுமென்றே துண்டித்துவிட்டாள் என்று மேலதிகாரியிடம் போவார். வேறு கடைகளில் ரேம், ஹார்ட் டிஸ்க் எல்லாம் மாற்றி, விண்டோஸையும் புதிதாகப் போட்டாகிவிட்டது. கடையில் சமர்த்தாக ஓடும்; வீட்டுக்குப் போனதும் பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

அக்காவின் கடையிலும் பகல் முழுக்க அது அணையவில்லை. உள்ளே தூசி இல்லை, விசிறி சுற்றுகிறது, சார்ஜரும் சரி. “ஒண்ணும் இல்லையே” என்று கொடுத்தனுப்பினாள். அவளும் மனுஷிதானே, சறுக்கிவிட்டாள். மறுநாளே மருமகள் கண் கலங்கத் திரும்பி வந்தாள்.

“இன்னொரு தடவை நடுவுல நின்னா வேற ஆளைப் பார்த்துக்குவோம்னு சொல்லிட்டாங்க அக்கா. வீட்டுக்காரருக்கும் இப்ப வேலை இல்லை.”

வேறு யாராக இருந்தாலும் மதர்போர்டின் தலையில் பழியைப் போட்டிருப்பார்கள். அக்கா ஷட்டரை இறக்கினாள். “தப்பு என் மேலதான். அது படுத்துக்கிறது வீட்லே, நான் பார்த்தது கடையிலே. வா, அங்கேயே போய்ப் பார்ப்போம்.”

வீட்டில் லேப்டாப் ஜன்னலோர மேஜைமேல் பளிச்சென்று இருந்தது. மருமகள் வேலையைத் தொடங்கினாள். அழைப்பு மேல் அழைப்பு, ஒன்றும் ஆகவில்லை. தேநீரோடு வந்த மாமியார் மேஜையைப் பார்த்து நின்றுவிட்டார்.

“ஏம்மா, அதோட சட்டை எங்கே? நான் தச்சதை வெளியாளுக்குக் காட்டக் கூச்சமா?”

மருமகள் தலை குனிந்தாள். மாமியாரே போய் எடுத்துவந்தார்: பஞ்சு வைத்துத் தைத்த கனத்த உறை, ஓரமெல்லாம் பூவேலை. லேப்டாப்பின் அடியையும் பக்கங்களையும் இறுக்கிப் பிடித்து, கீபோர்டையும் திரையையும் மட்டும் வெளியே விடும். கடைக்கு எடுத்துப் போகும்போதெல்லாம் மருமகள் அதைக் கழற்றிவிட்டுத்தான் போயிருக்கிறாள். அக்காவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஆனாலும் கண்ணால் பார்க்காத எதையும் அவள் சொல்ல மாட்டாள்.

மருமகளை இடைவேளை எடுக்கச் சொல்லி, உறையை மாட்டி, ஒரு நீளமான வீடியோவை ஓடவிட்டாள். விசிறி முதலில் முனகியது, பிறகு இரைந்தது. கொஞ்ச நேரத்தில் திரை கறுத்துப்போனது.

“அப்ப... என்னாலதானா?” என்றார் மாமியார்.

பூசி மெழுக அக்காவுக்கு வராது. “ஆமாம்மா. அடியில காத்துப் போற வழியை இது அடைக்குது. சூடு தாங்காம அணைஞ்சுடுது.”

மாமியார் மருமகள் பக்கம் திரும்பினார். “உனக்குச் சந்தேகமே வரலையா?”

“வந்துச்சு அத்தை. வேற ஏதாவதா இருந்துடணும்னுதான் கடை கடையா ஏறினேன்.”

“வேலையே போயிருக்குமேடி! கழட்டிப் போட வேண்டியதுதானே?”

“இந்த வீட்டுக்கு வந்ததுலேருந்து நீங்க எனக்குன்னு செஞ்ச ஒரே பொருள் அதுதான் அத்தை.”

மாமியார் உள்ளே போனார். கத்தரிக்கோலை எடுத்துவந்து உறையைக் கழற்றிக் கவிழ்த்துப் போட்டார். “எங்கே வெட்டணும்னு காட்டும்மா” என்றார் அக்காவிடம். அக்கா விரலால் கோடு இழுத்துக் காட்டினாள். கத்தரிக்கோல் துணிக்கு மேலேயே நின்றது.

“தனியா வெட்ட எனக்கு மனசு வரலை” என்றார் மருமகளிடம். “நீயும் வந்து கூடப் பிடி.”