எஞ்சினை அணைக்கும் முன் இரண்டு நிமிடம்

அண்ணன் இல்லாத முதல் வருடம் முடிகிறது. திதிக்கு வந்திருக்கும் உங்கள் ஒவ்வொருவர் கையிலும் அவருடைய வாழ்க்கை நாலு பக்கமாவது இருக்கவேண்டும் என்று அண்ணி சொன்னார். முப்பது ஆண்டுகளாக நாட்குறிப்பு எழுதுகிறவன் என்பதால் தம்பிக்கு இது சுலபம் என்று அவர் நினைத்திருக்கலாம். சுலபமாக இல்லை.

அண்ணன் கர்நாடகத்தில் கொள்ளேகாலை அடுத்த ராமாபுரத்தில் பிறந்தார். அப்பா இறந்தபோது அவருக்கு வயது பதினாறு, எனக்கு ஒன்பது. கொள்ளேகாலில் ஐ.டி.ஐ. முடித்து, நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்தார். இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் மேற்பார்வையாளர் வரை உயர்ந்தார். என்னைப் படிக்கவைத்தவர் அவர். அம்மாவை மைசூருக்கு அழைத்துவந்து கடைசிவரை உடன் வைத்துப் பார்த்துக்கொண்டவரும் அவரே. தனக்கென்று ஓர் ஆசை இருப்பதாக அவர் சொல்லி நாங்கள் கேட்டதில்லை, ஐம்பத்திரண்டு வயது வரை.

அந்த வயதில் அண்ணன் கார் வாங்கினார். ஒன்பது வருடம் வேறொருவரிடம் ஓடிய, டர்போ எஞ்சின் உள்ள ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவு. மைசூர் விஜயநகர் வீட்டு வாசலில் அது வந்து நின்ற அன்று சித்தப்பா ஒரு சுற்றுச் சுற்றி வந்து பின் சீட்டை எட்டிப் பார்த்தார்.

"ஏஞ்சாமி, இந்தச் சீட்டுல யாரு உக்காருவா? கோழிக்குஞ்சா?"

"நீங்கதானுங் சித்தப்பா. மடிச்சு வச்சுக்கலாம்," என்றார் அண்ணன்.

பழைய டர்போ கார் சீக்கிரம் படுத்துவிடும் என்று எல்லோரும் எச்சரித்தார்கள். அண்ணன் யாரையும் மறுத்துப் பேசவில்லை. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்ற ஆயிலை ஐந்தாயிரத்திலேயே மாற்றினார். கழற்றிய ஆயில் ஃபில்டரை வெட்டிப் பிரித்து, இரும்புத்தூள் மின்னுகிறதா என்று வெயிலில் பிடித்துப் பார்த்தார். எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் ரப்பர் குழாய்களை விரிசல் விடும் முன்பே மாற்றினார். காலையில் வண்டியைக் கிளப்பினால், ஆயில் சூடேறும்வரை ஆக்ஸிலேட்டரை அழுத்தவே மாட்டார். வேலைக்கு ரயிலில் போய்வந்தார். கார் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும். மாடியில் குடியிருக்கும் நான் இறங்கிவந்து, செய்ததை எல்லாம் ஒரு நோட்டில் எழுதுவேன். ஏழு வருடத்தில் அந்த வண்டி ஒருநாள்கூட வழியில் நின்றதில்லை.

இன்னொரு வழக்கமும் இருந்தது. ஓடிவந்த டர்போ கொதித்துக்கொண்டிருக்கும், உடனே எஞ்சினை அணைத்தால் உள்ளே நிற்கும் ஆயில் கருகிவிடும் என்பார். எங்கே போய் நின்றாலும் எஞ்சின் இரண்டு நிமிடம் சும்மா ஓடவேண்டும். அதுவரை யாரும் கதவைத் திறக்கக்கூடாது. கடிகாரம் பார்ப்பது என் பொறுப்பு. நான் "ஆச்சுங்ணா" என்ற பிறகே சாவியைத் திருப்புவார். ஒரு கல்யாண மண்டப வாசலில் அண்ணி சொன்னது என் நாட்குறிப்பில் இருக்கிறது: "உள்ள தாலி கட்டி, பந்தியும் போட்டுட்டாங்க. இங்க இவரு காருக்கு இன்னும் மூச்சு வாங்குது."

தொழிற்சாலையில் நடந்த உடல் பரிசோதனையில் அண்ணனை இதய மருத்துவரிடம் காட்டச் சொன்னார்கள். அதையும் எழுதிவைத்தேன். அவர் போகவில்லை. ஆயில் மாற்றும் நாளை அவருக்குத் தவறாமல் நினைவூட்டிய நான், இதை ஒருமுறைகூட நினைவூட்டவில்லை.

இனி எழுதப்போவது இன்றுவரை நான் யாரிடமும் சொல்லாதது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே கால் மணிக்கு, இடது தோள் வலிக்கிறது என்று அண்ணன் கூடத்தில் வந்து உட்கார்ந்தார். சட்டை நனைந்திருந்தது. அண்ணி உடனே போனை எடுத்தார்.

"நூத்தியெட்டுக்குச் சொல்றேன். அசையாம உக்காருங்க."

"எதுக்கு? கார் இருக்குதல்ல."

"தம்பி, நீங்களாச்சும் சொல்லுங்க!"

நான் சொன்னது இது: "ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள நாங்க போய்ச் சேர்ந்துருவோம் அண்ணி."

சாவியைக் கேட்டேன். அண்ணன் தரவில்லை. நான் வற்புறுத்தவும் இல்லை. முன் சீட்டை மடக்கினால்தான் பின்னால் ஏற முடியும். அதற்கும் பொறுக்காமல் கிளம்பிவிட்டோம். அண்ணி ஆட்டோ பிடித்துப் பின்னால் வந்தார். அண்ணன் மெதுவாகவே ஓட்டினார்.

மருத்துவமனை வாசலில் வண்டி நின்றது. நான் கதவில் கை வைத்தேன். அண்ணன் இரண்டு விரல்களைக் காட்டினார். நான் கையை எடுத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தேன். பத்தடி தூரத்தில் சுவரோரமாக ஸ்ட்ரெச்சர் இருந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்றரை நிமிடம் ஆனபோது அண்ணன், "நீயே ஆஃப் பண்ணுடா, எனக்குக் கை வரல," என்றார்.

இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். மூன்றாம் நாள் காலையில் இறந்தார். ஒன்றரை நிமிடம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று மருத்துவரிடம் கேட்டேன். "சீக்கிரம் வர்றது எப்பவுமே நல்லதுதான். அதுக்கு மேல என்னால சொல்ல முடியாது," என்றார். காரைப் பார்த்துவந்த மெக்கானிக்கிடமும் கேட்டேன். அவர் மைசூர்க்காரர், கன்னடம் கலந்துதான் தமிழ் பேசுவார். "ஊருக்குள்ள மெல்ல வந்த வண்டி சார். அதுக்கு ரெண்டு நிமிஷம் பேடவே பேட, தேவையே இல்ல. அண்ணனுக்கு எத்தன சல, எத்தன தடவ சொல்லியிருக்கேன்!" என்றார்.

காரியம் முடிந்த நாளிலிருந்து உறவில் ஒரு பேச்சு நடக்கிறது. ஆம்புலன்ஸைக் கூப்பிடாமல், நெஞ்சுவலிக்காரரை வண்டி ஓட்டவிட்டார் அண்ணி என்கிறார்கள். என் எதிரிலேயே சொன்னார்கள். அவர் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் அதை மறுக்கவில்லை. ஒரு வருடம் அப்படியே இருந்துவிட்டேன்.

அண்ணனைக் காப்பாற்ற முயன்ற மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், அந்த இரண்டு நாளும் வராந்தாவில் எங்களோடு உட்கார்ந்திருந்த தொழிற்சாலை நண்பர்களுக்கும், வீட்டுக்கு மூன்று வேளையும் சாப்பாடு அனுப்பிய தெருக்காரர்களுக்கும், இன்றைக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இதுவரை எழுதியதை அண்ணியிடம்தான் முதலில் கொடுத்தேன். மருத்துவமனை வாசலில் நடந்தது அவருக்குத் தெரிந்ததே இதைப் படித்துத்தான். அன்று முழுவதும் அவர் என்னோடு பேசவில்லை. மறுநாள் காலை மாடிக்கு வந்து தாள்களைத் திருப்பித் தந்தார். "அச்சுக்குக் குடுத்துருங்க தம்பி," என்றார்.

அன்று காலை அந்த வீட்டில் சரியானதைச் சொன்னவர் அண்ணி ஒருவர்தான். அதைப் பற்றி இனி யாருக்காவது கேட்கவேண்டும் என்றிருந்தால், அவரிடம் கேட்காதீர்கள். நான் மாடியில்தான் இருக்கிறேன்.