டீக்கடை வாசலில் நாற்பது போஸ்டர்

பெண்கள் மீதான வன்முறையை ஒழிக்கப் பிரசாரம் திட்டமிடுவதில் ஜாக்குலினாகிய என்னை விஞ்ச தாராவியிலேயே ஆளில்லை என்று நம்பியிருந்தேன். எங்கள் மகளிர் சங்கத்தில் அதற்காகவே பதினொரு கூட்டம் போட்டேன். பதினொன்றிலும் நானே பேசினேன். பிறகு, உதவி எண் அச்சடித்த நாற்பது போஸ்டர்களை, ஜனம் கூடுகிற இடமாயிற்றே என்று, டீக்கடை வாசல்களாகப் பார்த்து ஒட்டினோம். எண் என் கைபேசியுடையதுதான். ஒரு மாதமாகியும் அது அடிக்கவில்லை. சந்துகளில் அடி உதை நின்றேவிட்டது என்று கூசாமல் அறிக்கை எழுதினேன்.

கூட்டத்துக்கு டீ கொண்டுவரும் லூசியம்மாள்தான், அறிக்கை எழுதிய அன்று, வாய் திறந்தாள்.

"யக்கா, ஆம்பளைங்க உக்காந்திருக்க எடத்துல நின்னு அந்த நம்பர எவ எழுதுவா? பொம்பளைங்க கக்கூஸ் கதவுல, உள்பக்கமா ஒட்டுங்க. அங்கதான் எங்கள தனியா விடுதாங்க."

நல்ல யோசனை என்று குறித்துக்கொண்டேன். 'எங்கள' என்றதைக் கவனிக்கவில்லை.

ஒட்டிய மறுநாள் காலையே போன் அடித்தது.

"யக்கா, லூசி பேசுதேன்."

பதினொரு கூட்டத்திலும் அவளிடம் நான் பேசியது ஒன்றே ஒன்றுதான்: சர்க்கரை கம்மியாப் போடு.