கறுப்பு மை அடித்த வரி

செங்கல்பட்டில் கணக்கு வாத்தியாராக இருந்துகொண்டே தன்னார்வக் காலாட்படையில் அதிகாரியாகச் சேர்ந்தவன் நான். வருடத்துக்கு ஒரு மாதம் பயிற்சி, தோளில் நட்சத்திரம். மற்ற நாளெல்லாம் சாக்பீஸ். "உங்களுக்கு இன்னாத்துக்கு சார் இந்த வேண்டாத வேல?" என்று ஆசிரியர் அறையில் கிண்டல் செய்வார்கள். எல்லையில் சண்டை மூண்டதும் கூப்பிட்டார்கள். போனேன்.

என் கம்பெனி ஜவான்கள் வீட்டுக்கு எழுதும் தமிழ்க் கடிதங்களை அனுப்புமுன் படித்துப் பார்ப்பதும் அங்கே என் தலையில் விழுந்தது. இடத்தின் பெயர், எங்கே நகர்கிறோம் என்ற தகவல் எதுவும் வெளியே போகக் கூடாது. சந்தேகமான வரியின் மேல் கறுப்பு மை பூசிவிட வேண்டும். பரீட்சைத் தாள் திருத்திய கைக்குச் சொல்லவா வேண்டும்? தாராளமாகவே பூசினேன். யார் வீட்டுப் பசு கன்று போட்டது, எந்த மாமியார் சண்டை ஓய்ந்தது, எல்லாம் எனக்கு அத்துப்படி. எனக்குக் கடிதம் எழுதத்தான் ஆளில்லை. அவர்கள் மேல் பொறாமையாக இருந்தது.

அச்சரப்பாக்கத்து ஜவான் ஒருவன், கடிதம் கொடுத்த மூன்றாம் நாள் குண்டடிபட்டு இறந்தான். ஊர் திரும்பியதும் அவன் மனைவியைப் போய்ப் பார்த்திருக்க வேண்டும். தைரியமில்லை, அவ்வளவுதான்.

இப்போது திருவிடந்தையில் தனியாக இருக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை, ஆகியிருக்கலாம். நாள் முழுக்க அலைச் சத்தம். வாசலுக்கு வருகிற ஒரே ஆள் பால் பாக்கெட் போடுகிறவர், அவரும் வண்டியை நிறுத்துவதில்லை. போன மாதம் ஒருநாள் வீட்டில் இருப்புக்கொள்ளாமல் பஸ் பிடித்து அச்சரப்பாக்கம் போனேன்.

இத்தனை வருடம் கழித்து வந்து, அவனுடைய ஆபீசர் என்று சொல்லிக்கொண்டவனை அந்த அம்மாள் திட்டவில்லை. உட்கார வைத்து மோர் கொடுத்தார். உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்தார். அதில் அவனுடைய கடைசிக் கடிதம். நடுவில் ஒரு வரி முழுக்கக் கறுப்பு. என் கைவேலைதான்.

"வெய்யில்ல காட்டிப் பாத்தேன், வெளக்காண்ட வச்சிப் பாத்தேன், ஒண்ணும் தெர்ல சார். ஆபிசருதான் படிச்சி அனுப்புவாருன்னு சாவு சேதியோட வந்தவங்க சொன்னாங்கோ. இன்னா சார் எழுதியிருந்தாரு?"

எனக்குத் துளியும் நினைவில்லை. ஊரார் வீட்டுப் பசுவெல்லாம் நினைவிருக்கிறது, இது இல்லை. அதைச் சொல்ல மனம் வரவில்லை.

"உடம்பப் பாத்துக்கச் சொல்லி எழுதியிருந்தாரும்மா."

கடிதத்தை மடித்தபடியே கேட்டார்: "அதுக்கு ஏன் சார் மை அடிச்சீங்க?"

அழுகை வந்துவிட்டது. "மறந்துபோச்சும்மா. பொய் சொல்லிட்டேன்" என்றேன்.

அவர் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"எழுதனவரு போயிட்டாரு. படிச்சவராண்ட அது பத்தரமா கீதுன்னு நெனச்சிகினு இருந்தேன் சார், இத்தினி வருசமா."